வாசகர் கேள்விகள்: ஹாலோவீன் இரவில் ஓர் ஐம்பது வயதுப் படம்

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கும் என் மகள், பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் இரவான அக்டோபர் 31 அன்று தோழிகளுடன் ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ என்ற 1975ஆம் ஆண்டுப் படத்துக்குப் போவதாகவும், பையில் அரிசியும் பழைய செய்தித்தாளும் எடுத்துச் செல்வதாகவும் சொன்னாள். என்னைக் கேலி செய்கிறாளோ என்று நினைத்தேன். அரிசிக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் சொன்னது உண்மைதான். கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். திருமணம் நிச்சயமான பிராட், ஜேனட் என்ற இளம் ஜோடியின் கார் டயர் மழை இரவில் வெடித்துவிடுகிறது. தொலைபேசி கேட்டு அவர்கள் நுழையும் மாளிகையில், பெண்கள் அணியும் இறுக்கமான உள்ளாடையும் நீண்ட காலுறையும் அணிந்த ஃபிராங்க்-என்-ஃபர்ட்டர் என்ற விஞ்ஞானி, ஆய்வுக்கூடத்தில் ஒரு கட்டுமஸ்தான ஆணை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். பழைய பேய்ப் படங்களையும் விண்வெளிப் படங்களையும் ஒரே மூச்சில் கிண்டலடித்துக் கொண்டாடும் பாட்டுப் படம் இது.

படத்தின் தொடக்கத்தில் ஒரு நண்பரின் திருமணம் நடக்கிறது. தேவாலய வாசலில் மணமக்கள் மீது அரிசி தூவும்போது, நம் முகூர்த்தத்தில் அட்சதை போடுவதைப் போலவே அரங்கில் இருப்பவர்களும் தூவுவார்கள். மழையில் ஜேனட் செய்தித்தாளைத் தலைக்குப் பிடித்தபடி நடக்கும்போது, பார்வையாளர்களும் தாளை விரித்துத் தலையை மறைத்துக்கொள்வார்கள். பின்வரிசைக்காரர்கள் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீரைப் பீய்ச்சி மழையை வரவழைப்பார்கள். இருட்டில் தெரியும் வெளிச்சத்தைப் பற்றி அவள் பாடும்போது, ஒரு காலத்தில் சிகரெட் லைட்டர்கள் எரிந்த இடத்தில் இன்று கைபேசி விளக்குகள் எரிகின்றன. போதாக்குறைக்குத் திரைக்கு முன்னால் ரசிகர் குழு ஒன்று அதே உடையில் நின்று, படத்தில் நடப்பதை அந்த நொடியிலேயே நடித்துக் காட்டும். அரிசியைக் கூட்டிப் பெருக்கி மாளாமல் பல அரங்குகள் இப்போது அதற்குத் தடை போட்டிருக்கின்றன என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: வெளியானபோது படுதோல்வி அடைந்த படம் என்று படித்தேன். தோற்ற படங்கள் எத்தனையோ இருக்க, இது மட்டும் எப்படி உயிர் பிழைத்தது?
– வாசகர், சிவகாசி

பதில்: இந்தப் படத்துக்கு மூலமான, ரிச்சர்ட் ஓபிரையன் எழுதிய நாடகம் 1973 ஜூனில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் சிறிய மாடிக் கூடத்தில் தொடங்கி, வளர்ந்து, பெரிய அரங்குகளுக்குப் போனது. நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக வட்டாரமான பிராட்வேயில் மட்டும் 45 காட்சிகளோடு சுருண்டது. ஜிம் ஷார்மன் இயக்கத்தில் சுமார் 14 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் 1975 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியானபோது, பெரும்பாலான ஊர்களில் இருக்கைகள் காலியாகவே கிடந்தன. நியூயார்க்கில் அந்த ஆண்டு ஹாலோவீனுக்குத் திட்டமிட்டிருந்த வெளியீட்டையே நிறுவனம் கைவிட்டது. ஹாலோவீன் என்றாலே இந்தப் படம் என்று இன்று பேசுகிறவர்களில் பலருக்கு இந்த வேடிக்கை தெரியாது.

லாஸ் ஏஞ்சலீஸில் ஓர் அரங்கில் மட்டும் கூட்டம் வந்தது. அதுவும் வந்தவர்களே மறுபடி மறுபடி வந்த கூட்டம். அதைக் கவனித்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தார், 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி அரங்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டுப் பார்த்தார்கள். சில மாதங்களில் அங்கு ஒரு பள்ளி ஆசிரியர், மழையில் நனையும் ஜேனட்டைப் பார்த்து, ஒரு குடை வாங்கக்கூட மனம் வராத கஞ்சத்தனமா என்று வாய்விட்டுத் திட்ட, அரங்கமே சிரித்தது. அடுத்த வாரம் வேறொருவர் வேறொரு இடத்தில் குரல் கொடுத்தார். எந்த வசனத்துக்கு எந்தப் பதில் என்பது வாரத்துக்கு வாரம் சேர்ந்து, ஊருக்கு ஊர் பாட பேதத்தோடு, எழுதப்படாத இரண்டாவது திரைக்கதையாக உருவாகிவிட்டது.

இதற்குத் துணை நின்ற இன்னொரு காரணத்தைப் பலர் சொல்வதில்லை. அமெரிக்காவில் இந்தப் படத்தின் வீடியோ கேசட் 1990 வரை விற்பனைக்கு வரவில்லை. பதினைந்து ஆண்டுகள், பார்க்க வேண்டுமானால் நள்ளிரவில் அரங்குக்குத்தான் போயாக வேண்டும் என்ற நிலை இருந்ததால், புதிதாக வந்தவரும் பழையவர்களிடம் சடங்குகளைக் கற்றுக்கொண்டே திரும்பினார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஓர் அரங்கு 1977 முதலும், அமெரிக்காவின் போர்ட்லண்டில் கிளின்டன் ஸ்ட்ரீட் அரங்கு 1978 முதலும் வாரந்தோறும் இதைத் திரையிட்டு வருகின்றன. 2020 பெருந்தொற்றில் எல்லா அரங்குகளும் பூட்டப்பட்டபோது, போர்ட்லண்டில் வரிசை அறுந்துவிடக்கூடாது என்பதற்காக ஓர் ஊழியர் ஆளில்லாத அரங்கில் படத்தை ஓட்டினார்.

என் கணிப்பில், படத்தைக் காப்பாற்றியது ஹாலோவீன் அல்ல. மற்ற ஐம்பத்தோரு வாரமும் வந்துபோன இந்தச் சிறு கூட்டம்தான் காப்பாற்றியது. வழக்கமாக நள்ளிரவில் வராதவர்களும் வேடம் போட்டுக்கொண்டு தைரியமாகத் தெருவில் நடக்கக்கூடிய ஒரே இரவு என்பதால், அக்டோபர் 31 அந்தக் கூட்டத்தைப் பன்மடங்காக்குகிறது.

கேள்வி: படத்தின் கதை ஹாலோவீன் அன்று நடக்கிறதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இல்லை. கதைசொல்லியாக வரும் குற்றவியல் நிபுணர் அதை நவம்பர் பிற்பகுதியின் ஒரு மாலை என்கிறார். ஆனால் கார் வானொலியில் ஒலிப்பதோ, அதிபர் நிக்சன் 1974 ஆகஸ்ட் 8 அன்று ஆற்றிய பதவி விலகல் உரை! எந்த மாதம் என்று படத்துக்கே நிச்சயமில்லாதபோது நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

கேள்வி: ஆர்வத்தில் வீட்டில் தனியாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் பொறுமை போய்விட்டது. குறை என்னிடமா, படத்திடமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: படத்திடம்தான். பிற்பாதி தொய்வானது என்பதைத் தீவிர ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். வசனங்களுக்கு நடுவே விழும் இடைவெளிகள் வீட்டில் சலிப்பூட்டுகின்றன. அரங்கிலோ, கூச்சல் போடுவதற்கென்றே விட்டுவைத்த இடம்போல அமைந்துவிடுகின்றன. விறுவிறுப்பாகத் தொகுக்கப்பட்ட படமாக இருந்திருந்தால் யாரும் குறுக்கே பேசியிருக்க முடியாது.

என்றாலும் விஞ்ஞானியாக நடித்த டிம் கர்ரிக்காக இன்னொரு முறை பாருங்கள். மின்தூக்கி மெல்ல இறங்கிவர, முதலில் தாளம் போடும் குதிகால் உயர்ந்த செருப்பு மட்டும் தெரிந்து, பிறகு பாடத் தொடங்கி, மேலங்கியை அவர் வீசியெறியும் அந்த அறிமுகத்துக்கு, தனி அறையிலும் கைதட்டத் தோன்றும். தேம்ஸ் நதிக்கரையின் ஓக்லி கோர்ட் மாளிகையில்தான் படப்பிடிப்பு நடந்தது. அப்போது அது பாழடைந்து, சூடேற்றும் வசதியே இல்லாமல் கிடந்தது. ஜேனட்டாக நடித்த சூசன் சரண்டனுக்கு நிமோனியாவே வந்துவிட்டது. அவர் நடுங்குவது முழுக்க நடிப்பல்ல.

கேள்வி: இவ்வளவு வருமானம் தரும் சூத்திரத்தை ஏன் யாரும் மறுபடி பயன்படுத்தவில்லை?
– வாசகர், மதுரை

பதில்: முயன்று பார்த்துவிட்டார்கள். அதே ஓபிரையனும் ஷார்மனும் 1981இல் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்று பிராட், ஜேனட் பாத்திரங்களை வைத்தே இன்னொரு படம் எடுத்தார்கள். நள்ளிரவுக் காட்சிக்கென்றே அனுப்பப்பட்டும் எடுபடவில்லை. 2016 அக்டோபரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி எடுத்த மறுஆக்கத்தில், அரங்கில் ரசிகர்கள் கத்துவதையும் பொருட்கள் வீசுவதையும் கதைக்குள்ளேயே சேர்த்தார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. முதல் படத்தில் யாரும் ரசிகருக்கென்று இடம் ஒதுக்கவில்லை, அவர்களாகவே பிடித்துக்கொண்டார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் 15 வயதுப் பேரன், நான் அங்கு வரும்போது இந்தப் படத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறான். போகலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அங்கு இது ‘ஆர்’ சான்றிதழ் பெற்ற படம், பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோருடனோ பொறுப்பான பெரியவருடனோதான் வர வேண்டும். பேய் பயம் பெரிதாக இல்லை. பாலியல் சமாச்சாரம் நிறைய. ஆண், பெண் என்ற வேலிக்குள் அடங்காத பலருக்கு எழுபதுகளில் இந்த நள்ளிரவு அரங்கு புகலிடமாக இருந்தது என்பது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் விஞ்ஞானி ஆள் மாறாட்டம் செய்து பிராட், ஜேனட் இருவரின் படுக்கைக்கும் போகும் காட்சி, அன்று நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளப்பட்டாலும், இன்று பலருக்கும் நெருடுகிறது, எனக்கும்தான். திரையைவிட அரங்கின் கூச்சல்கள் இன்னும் பச்சையாக இருக்கும். முதன்முறை வருபவர்களை மேடைக்கு அழைத்துக் கிண்டல் செய்யும் வழக்கமும் உண்டு. எனவே மகனையோ மருமகளையோ முதலில் ஒருமுறை பார்த்துவரச் சொல்லிவிட்டு, அதன் பிறகு முடிவெடுங்கள்.