1 டெராபைட் வாங்கினால் 931தான் காட்டுது, மீதி எங்கே?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: தைப்பூசக் காவடி வீடியோக்களைச் சேர்த்து வைக்க போர்ட் லூயிஸில் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்கினேன், பிரெஞ்சில் ஓடும் என் விண்டோஸ் லேப்டாப் 931 ஜிகா ஒக்தே என்கிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? 50 மெகா இன்டர்நெட் லைன் இருந்தும் டவுன்லோடு 6-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறதே, ஏன்?

கடைக்காரர் மேல் தப்பில்லை. ஒக்தேயும் பைட்டும் ஒன்றுதான், 8 பிட், அதனால் மொழியும் காரணமில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், அந்தக் கணக்கில் 1 டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் எண்ணுவது 1024, 1024-ஆக. லட்சம் கோடியை 1024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், அதே 931 வரும்.

கிலோபைட் காலத்தில் இந்த வித்தியாசம் 2.4 சதவீதம்தான், யாரும் கண்டுகொள்ளவில்லை. மெகா, ஜிகா என்று ஏற ஏற அது பெருகி, டெராவில் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஆகிவிட்டது. 1024 கணக்குக்கென்றே கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர்களை 1998-லேயே வகுத்துவிட்டார்கள், ஆனால் விண்டோஸ் இன்னமும் எண்ணுவது ஜிபிபைட், எழுதுவது ஜிகாபைட். என்னைக் கேட்டால் குழப்பமே அங்கேதான். மேக் கணினி 2009 முதல் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டது, இதே டிஸ்க்கை அதில் செருகினால் 1 டெராபைட் என்றே காட்டும்.

சந்தேகம் தீரவில்லையா, டிஸ்க் மேல் ரைட் கிளிக் செய்து ப்ரொப்ரியெத்தே (ஆங்கிலத்தில் ப்ராப்பர்ட்டீஸ்) திறந்து பாருங்கள், முழு பைட் எண்ணிக்கை இருக்கும், அது லட்சம் கோடியை ஒட்டி இருந்தால் சரி. மலிவாகக் கிடைக்கும் போலி பென்டிரைவ்கள் மட்டும் இந்த எண்ணையே பொய்யாகச் சொல்லும். அவற்றை வீடியோக்களால் நிரப்பி, முதலில் போட்டவை முதல் கடைசியாகப் போட்டவை வரை எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்ப்பதுதான் வழி.

அப்புறம் அந்த 50 மெகா. லைன் விற்பவர்கள் சொல்வது வினாடிக்கு மெகாபிட், டவுன்லோடு திரையில் வருவது மெகாபைட், 50-ஐ 8-ஆல் வகுத்தால் 6.25, ஆகவே உங்கள் லைன் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. 40 ஜிகாபைட் வீடியோவை இறக்க 1 மணி 47 நிமிடமாவது ஆகும். அதையே சொந்தக்காரருக்கு அனுப்புவதானால் அப்லோடு வேகம் தனி, பல பேக்கேஜ்களில் அது குறைவாகவே இருக்கும், ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.