மோகத்துக்கு ஏன் ‘ட்ரெண்ட்’ பட்டம்?

கேள்வி: ஃபிட்ஜெட் ஸ்பின்னரில் தொடங்கி, வந்த வேகத்தில் காணாமல் போகும் விளையாட்டுச் சாமான்களைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தேன். அதில் ‘ட்ரெண்ட்’ என்று வந்த இடத்தையெல்லாம் ‘மோகம்’ என்று மாற்றிவிட்டீர்கள். ஊரே ட்ரெண்ட் என்கிறது, அகராதியும் அந்தப் பொருளைத் தருகிறது. அதே இதழில் மக்கள்தொகைக் கட்டுரையில் மட்டும் ‘ட்ரெண்ட்’ அப்படியே நிற்கிறது. அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? இல்லை, திடீர்த் தனித்தமிழ்ப் பற்றா?

பதில்: தனித்தமிழ்ப் பற்று என்றால் ஃபிட்ஜெட் ஸ்பின்னரைத்தான் முதலில் வெட்டியிருப்போம். அது அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் சுட்டிய அந்த மக்கள்தொகைக் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். 1960களில் உலகச் சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஐந்து குழந்தைகள். இன்று இரண்டேகால் அளவில் வந்து நிற்கிறது. அறுபது ஆண்டுகளாக இறங்குமுகம். உங்கள் கட்டுரையின் நாயகனோ 2017இல் சில மாதங்கள் பிள்ளைகள் கையில் சுற்றிவிட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே மவுசு இழந்துபோனது. இரண்டையும் ஒரே இதழில், ஒரே சொல்லால் எப்படிச் சொல்வது?

அகராதி இரண்டு பொருளையும் தருகிறது, உண்மைதான். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. இங்கே அந்த இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, அதுதான் தொல்லை. புள்ளியியலில் ட்ரெண்ட் என்றால், சில நாள் ஏற்ற இறக்கங்களைக் கழித்துவிட்ட பிறகும் மிஞ்சி நிற்கும் போக்கு. பேச்சிலோ, கழிக்க வேண்டிய அந்த ஏற்ற இறக்கத்துக்கே ட்ரெண்ட் என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற எரிமலை இருக்கிறது. அங்கே 1958இலிருந்து காற்றில் உள்ள கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். தொடங்கி வைத்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். அந்த வரைபடம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். வடகோளத்துச் செடிகொடிகள் தளிர்த்து வாயுவை உள்ளிழுப்பதால் மே மாதத்துக்குப் பிறகு அளவு இறங்கும். செப்டம்பர் வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். மே முதல் செப்டம்பர் வரை மட்டும் பார்க்கிறவர், ‘அப்பாடா, குறைகிறது’ என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம். ஆனால் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு என்று தொடங்கிய அளவு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பற்களை மறந்துவிட்டு ரம்பம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் தெரிகிறதே, அதற்குத்தான் ட்ரெண்ட் என்று பெயர். அந்தச் சொல்லை நாலு நாள் கூத்துக்குக் கொடுத்துவிட்டால், இதைச் சொல்ல வேறு சொல் தேட வேண்டும். தமிழில் ‘போக்கு’ இருக்கிறது, நல்ல சொல். ஆனால் புள்ளிவிவரக் கட்டுரை எழுதுகிறவர்கள் ட்ரெண்டையே விரும்புகிறார்கள். நாங்களும் தடுப்பதில்லை.

இந்தக் குழப்பத்தில் போனுக்குப் பெரிய பங்கு உண்டு. 2008இல் ட்விட்டர் ‘ட்ரெண்டிங்’ பட்டியலைக் கொண்டுவந்தது. ஒரு விஷயத்தை எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதைவிட, எவ்வளவு திடீரென்று பேசத் தொடங்கினார்கள் என்பதற்குத்தான் அந்தக் கணக்கில் மதிப்பு. கோடிப் பேர் நாள் தவறாமல் பேசும் விஷயம் அந்தப் பட்டியலில் ஏறாமல் போகும். நேற்று யாருக்கும் தெரியாத ஒன்று இன்று காலை உச்சியில் உட்காரும். நீடிக்கிறது என்பதே அங்கே குறையாகிவிடுகிறது! அந்தப் பட்டியலுக்குள் ‘ட்ரெண்டிங்’ என்று சொல்வதில் தவறில்லை. அங்கிருந்து கட்டுரைக்குள் கொண்டுவரும்போதுதான் வம்பு.

மோகத்துக்கு ட்ரெண்ட் என்று பெயர் வைப்பதால் லாபம் யாருக்கு? விற்கிறவருக்கு. 1975இல் அமெரிக்காவில் கேரி டால் என்பவர் ‘பெட் ராக்’, அதாவது செல்லப் பிராணியாக வளர்க்க ஒரு கல், என்று ஒன்றை விற்றார். சாதாரணக் கூழாங்கல். வைக்கோல் பரப்பிய அட்டைப்பெட்டி, அந்தக் கல் மூச்சுவிடப் பெட்டியில் ஓட்டைகள், கல்லை எப்படி வளர்ப்பது என்று ஒரு கையேடு, விலை நான்கு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் லட்சக்கணக்கில் விற்றது, அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அடங்கிவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை ட்ரெண்ட் என்று ஒரு பத்திரிகை எழுதினால், ‘உலகமே இந்தப் பக்கம் போகிறது, நீ பின்தங்கிவிடாதே’ என்று வாங்குகிறவரின் காதில் ஓதுகிற வேலையை அந்தப் பத்திரிகை இலவசமாகச் செய்கிறது. மோகம் என்று எழுதினால் படிக்கிறவர் ஒரு நிமிடம் நிதானிப்பார்.

அப்புறம், இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. ஒருவர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கிறேன் என்றால், ‘இதெல்லாம் இப்போ ட்ரெண்ட்’ என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுகிறார்கள். வேலையையும் வீட்டையும் கணவனும் மனைவியும் பகிர்ந்துகொண்டால் அதுவும் ட்ரெண்ட். அதாவது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, தானாகப் போய்விடும் என்று பொருள். பல தலைமுறையாக மெல்ல நடந்துவரும் மாற்றத்தையும் பெட்டிக்குள் போட்ட கூழாங்கல்லையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட, இந்த ஒரு சொல் வசதி செய்துகொடுக்கிறது.

‘எது நிற்கும், எது போகும் என்று ஆரம்பத்திலேயே எப்படித் தெரியும்?’ என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். தெரியாதுதான். 1924இல் அமெரிக்காவைக் குறுக்கெழுத்துப் புதிர் பிடித்து ஆட்டியபோது, நியூயார்க் டைம்ஸ் அதை வெட்டி வேலை, ஒரு வகைப் பைத்தியம் என்று திட்டி எழுதியது. 1942 பிப்ரவரியில் அதே பத்திரிகை தானே குறுக்கெழுத்து போடத் தொடங்கியது. இன்றும் போடுகிறது. ஆகவே தெரியாத இடத்தில் மோகம் என்றும் சொல்ல வேண்டாம், ட்ரெண்ட் என்றும் சொல்ல வேண்டாம். ‘இப்போது வேகமாகப் பரவுகிறது’ என்று எழுதுங்கள், அந்த வரியில் யாரும் கைவைக்க மாட்டோம்.

உங்கள் ஸ்பின்னர் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அது வந்ததும் போனதும் உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. அதனால் மோகம் என்று மாற்றினோம், அடுத்த முறையும் மாற்றுவோம். ட்ரெண்ட்தான் வேண்டும் என்றால், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எவ்வளவு மாறியிருக்கிறது என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அப்படியே போடுகிறோம்.