பட்டுப்புடவை நிறம் போட்டோவில் மாறுகிறதா? அந்த ஸ்லைடர்களை விட்டுவிடுங்கள்

கேள்வி: இணையத்தில் பட்டுப்புடவை விற்கிறோம். ரா ஃபைலாக (கேமரா பதிவு செய்த மூல வடிவில்) எடுத்து, லைட்ரூம் என்ற போட்டோ மென்பொருளில் எடிட் செய்கிறேன். அரக்கு செங்கல் நிறமாகிறது, வாடாமல்லியில் நீலம் ஏறுகிறது. 'கலர் வேற' என்று புடவைகள் திரும்பி வருகின்றன. கேலிபரேஷன் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு என்ன எண் வைக்க வேண்டும்?

பதில்: பூஜ்யம். மூன்றையும் அப்படியே விட்டுவிடுங்கள். பெயரைப் பார்த்துத்தான் பலரும் அங்கே போய் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஸ்லைடர்கள் ஒரு நிறத்தை மட்டும் தொடுவதில்லை. படத்தின் அடிப்படை நிறங்களையே நகர்த்துவதால், நீலத்தை இழுத்தால் ஜரிகையின் மஞ்சளும் மாடலின் முகமும் சேர்ந்தே மாறும். சினிமா லுக் வேண்டுபவர்களுக்கு அது சரி. விற்கிற சரக்குக்கு ஆகாது.

கேமராவின் சென்சார் நிறத்தை நம் கண்ணைப் போலப் பார்ப்பதில்லை. அது தரும் எண்களை நிறமாக மாற்றிச் சொல்வது ப்ரொஃபைல். லைட்ரூமில் 2018 முதல் தானாக வந்து உட்காரும் 'அடோபி கலர்' படம் பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்று செய்தது; உங்கள் அரக்கு அரக்காகவே இருக்க வேண்டும் என்பது அதன் கவலை இல்லை. உங்கள் கேமராவுக்கும் உங்கள் விளக்குக்கும் சேர்த்து நீங்களே ஒரு ப்ரொஃபைல் செய்துகொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால் விளக்கைப் பாருங்கள். எல்இடி பெட்டியில் 'சிஆர்ஐ 80' என்று போட்டிருப்பார்கள்; அந்த விளக்கில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கான அளவு அது, 100 தான் உச்சம். அந்த எண் 8 வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. அடர் சிவப்பைச் சோதிக்கும் ஆர்9 அந்தக் கணக்கிலேயே வராது. சிவப்பு குறைவாக உள்ள விளக்கில் அரக்குப் புடவை செத்துப்போய்த்தான் தெரியும். வெளிச்சத்தில் இல்லாததை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. என்னைக் கேட்டால், லென்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் சிஆர்ஐ 95-க்கு மேல், ஆர்9 மதிப்பும் 90-ஐ ஒட்டி உள்ள விளக்கு வாங்குங்கள். ஜன்னலை மூடிவிடுங்கள். பகல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் புடவையின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம்.

இனி கலர்செக்கர் அட்டை; சரியான அளவு தெரிந்த 24 நிறக் கட்டங்கள் அதில் இருக்கும். புடவை வைக்கும் அதே இடத்தில், அதே விளக்கில் வைத்து ராவில் ஒரு படம் எடுங்கள். அட்டையின் மேல் நிழலோ பளபளப்போ விழக்கூடாது, வெள்ளைக் கட்டம் வெளுத்துப் போகக்கூடாது. கட்டங்களை விரலால் தொடாதீர்கள். ஃபைலை டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்) ஆக்கி, அட்டை நிறுவனம் தரும் மென்பொருளில் போட்டால் அது அட்டையைத் தானே கண்டுபிடிக்கும். தடுமாறினால் நான்கு மூலைகளையும் நீங்களே இழுத்து வைக்கலாம். ப்ரொஃபைல் உருவானதும் லைட்ரூமை மூடித் திறந்தால் பட்டியலில் இருக்கும். இன்னொரு மாடல் கேமராவுக்கு இது வராது, அதற்குத் தனியாகச் செய்ய வேண்டும். விளக்கை மாற்றினாலும் புதிதாகச் செய்யுங்கள்.

அட்டைப் படத்தில் அந்த ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஒயிட் பேலன்ஸ் சொட்டியால் (ஐட்ராப்பர்) அடி வரிசையில் வெள்ளைக்கு அடுத்த வெளிர் சாம்பல் கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். வெள்ளையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில் ஒன்று நிரம்பியிருந்தால் கணக்கு தப்பும் என்பதால் அதைத் தவிர்க்கிறோம். இந்த அமைப்பை அன்றைய எல்லாப் படத்துக்கும் சிங்க் செய்துவிட்டால் பெரும்பாலான புடவைகள் சரியாகிவிடும்.

வாடாமல்லி மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் சென்சாருக்கு வேறாகத் தெரிவதுண்டு, அட்டையில் இருப்பது உங்கள் நெசவாளர் போட்ட சாயமும் இல்லை. அதற்கு, ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மாற்றும் எச்எஸ்எல் பகுதியில் ஊதாவையும் மெஜந்தாவையும் மட்டும் மெல்ல நகர்த்துங்கள். பக்கத்தில் அதே விளக்கில் புடவையையும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரும் கேலிபரேட் ஆகியிருக்க வேண்டும்: வெள்ளை டி65 (பகல் வெளிச்சத்தின் வெள்ளை), நடுத்தர வெளிச்சங்களைத் தீர்மானிக்கும் காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டலா. இல்லாவிட்டால் இவ்வளவு பாடும் வீண்.

மயில் கழுத்து மாதிரி இரட்டை நிறப் பட்டுக்கு 'சரியான நிறம்' என்று ஒன்றே கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், திருப்பினால் மாறும். அதற்கு இரண்டு கோணத்தில் இரண்டு படமும், மடிப்பை அசைத்துக் காட்டும் சின்ன வீடியோவும் போடுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது கலர் ஸ்பேஸ் (படத்தின் நிற வரம்பு) இணையத்தில் பொதுவாக உள்ள எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் சில இடங்களில் சாயம் போன மாதிரி தெரியும். வாங்குபவரின் போன் 'விவிட்' மோடில் இருந்தால் அரக்கு இன்னும் சிவந்துதான் தெரியும். அதை நாம் மாற்ற முடியாது, அதனால் புடவை விவரத்திலேயே உடல், பார்டர், முந்தி மூன்றின் நிறத்தையும் எழுத்தில் போட்டுவிடுங்கள்.