ஹெலிகேஸ் தானாக வந்து உட்காராது: வாசகர் கேள்வி-பதில்

நகலெடுக்கும்போது டிஎன்ஏவின் இரு இழைகளை முதலில் பிரிப்பது ஹெலிகேஸ் என்ற நொதிதானே? கைடில் அப்படித்தான் இருக்கிறது. (பி.எஸ்சி. மாணவி, ஆத்தூர்)

இல்லையம்மா. எத்தனை முறை எழுதினாலும் கைடுகள் திருந்த மாட்டேன் என்கின்றன. ஈ.கோலை பாக்டீரியாவில் டிஎன்ஏ நகல் தொடங்கும் இடமான ஓரிசி சுமார் 250 கார இணை (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளம். அங்கே முதலில் வருவது ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) ஏந்திய டிஎன்ஏ-ஏ புரதம். 9 இணை நீளமுள்ள தன் கட்டங்களில் வரிசையாகப் பிடித்து, கோவையாகத் திரண்டு, பக்கத்திலுள்ள எளிதில் பிரியும் ஏ-டி இணைகள் மிகுந்த பகுதியின் இழைகளைப் பிரிப்பது அதுதான். டிஎன்ஏவை வளைத்துக் கொடுத்து உதவுவது ஐஹெச்எஃப் என்ற இன்னொரு புரதம். ஹெலிகேஸான டிஎன்ஏ-பிக்கு அதற்குப் பிறகுதான் வேலை. அதையும் டிஎன்ஏ-சி என்ற துணைப் புரதம் கூட்டிவந்து இழைக்கு ஒன்றாக ஏற்றிவிட வேண்டும். டிஎன்ஏ-சி விலகினால்தான் ஹெலிகேஸ் நகரும். அப்புறம் டிஎன்ஏ-ஜி நொதி பிரைமர் என்ற சிறு தொடக்கத் துண்டைப் போடும், பாலிமரேஸை இழையோடு பிடித்துவைக்கும் கிளாம்ப் வளையம் ஏறும், புது இழையைக் கட்டும் பாலிமரேஸ் 3 ஓடத் தொடங்கும். 1980களிலேயே உயிர்வேதியியலாளர் ஆர்தர் கோர்ன்பெர்க் குழுவினர் சுத்திகரித்த புரதங்களைச் சோதனைக் குழாயில் சேர்த்து இந்த வரிசையைக் காட்டிவிட்டார்கள். இன்னமும் ஒற்றை வரியில் ஹெலிகேஸ் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். டிஎன்ஏ-ஏ இல்லாத விடை பாதி விடைதான்.

டிஎன்ஏ-பி ஹெலிகேஸே இல்லை என்கிறான் நண்பன். யார் சரி? (அஸ்தம்பட்டி)

எந்த பாக்டீரியா? அதை எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? ஈ.கோலை என்றால் நீங்கள் சரி. பேசிலஸ் சப்டிலிஸ் என்றால் நண்பர் சரி. அங்கே ஹெலிகேஸின் பெயர் டிஎன்ஏ-சி, டிஎன்ஏ-பி அதை ஏற்றிவிட உதவும் புரதம். பாக்டீரியாவின் பெயரை முதலில் எழுதுங்கள்.

நகல் ஒருமுறை தொடங்கியதும் உடனே மறுபடி ஏன் தொடங்குவதில்லை? (ஓமலூர்)

நல்ல கேள்வி. ஈ.கோலையில் புது இழையில் மெத்தில் என்ற சிறு வேதி அடையாளம் ஏறச் சற்று நேரமாகும். அதுவரை சீக்-ஏ புரதம் ஓரிசியை மூடிவைக்கும். இன்னொரு பக்கம், ஹெச்டிஏ புரதம் கிளாம்புடன் சேர்ந்து டிஎன்ஏ-ஏயிடம் இருக்கும் ஏடிபியை உடைக்க வைத்துவிடும்.

ஈ.கோலை தன் டிஎன்ஏவை நகலெடுக்க 40 நிமிடம், செல் பிரிய 20 நிமிடம். எப்படி? (சூரமங்கலம்)

முதல் சுற்று முடியுமுன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

ஏற்காட்டுக் குளிரில் இட்லி மாவு தாமதமாகப் புளிப்பதற்கு டிஎன்ஏ நகல் தாமதமாவதும் காரணமா?

ஒரு காரணம், ஆனால் இது மட்டுமல்ல. குளிரில் இழைகள் பிரிவதும் கடினம், நொதிகளும் மெதுவாகத்தான் ஓடும். மாவில் முதலில் பெருகும் லியூகோனாஸ்டாக் பாக்டீரியாவிலும் தொடக்கிவைப்பது டிஎன்ஏ-ஏதான். மற்ற புரதங்களுக்கு ஈ.கோலைக் கணக்கை அப்படியே போடாதீர்கள்.

பாக்டீரியாவுக்கு எதிரான சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து டிஎன்ஏ-ஏயைத் தடுக்குமா? (ஐந்து ரோடு)

இல்லை, அது தாக்குவது டிஎன்ஏவின் முறுக்கையும் சிக்கலையும் சரிசெய்யும் நொதிகளான கைரேஸையும் டோப்போ 4ஐயும். மருத்துவர் எழுதித் தராமல் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.