ரூட் செய்த போனும் வாரன்ட்டியும்: காரைக்குடியிலிருந்து பதில்கள்

(அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் ஒன்றில் பல வருடம் ஜாப் ஷீட் (பழுதுக்கு வாங்கும் போனின் விவரம் எழுதும் தாள்) எழுதியவன் நான். இப்போது காரைக்குடியில் சொந்தமாகப் பழுது பார்க்கிறேன். ரூட் செய்த (நிறுவனம் பூட்டிவைத்த ஆண்ட்ராய்டில் முழு அதிகாரம் எடுத்துக்கொண்ட) போனில் வன்பொருள் கெட்டால் என்ன செய்வது என்று நம் பக்கத்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.)

கேள்வி (தேவகோட்டை): அண்ணே, போன் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. மேஜிஸ்க் என்ற செயலி வழியாக ரூட் செய்திருக்கிறேன். திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. சர்வீஸ் சென்டரில் ரூட் செய்த போனுக்கு வாரன்ட்டி கிடையாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: முதலில் கோடு எங்கிருந்து வருகிறது என்று நிரூபியுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனில் திறந்து பாருங்கள். படத்தில் கோடு இல்லையென்றால் பழுது பேனலிலோ அதன் இணைப்பிலோதான். அப்புறம் போனை அணைத்துவிட்டுப் பூட்லோடர் (ஆண்ட்ராய்டை ஏற்றிவிடும் முதல் நிரல்) திரைக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு ஏறுவதற்கு முன்பே கோடு நிற்கிறதா? அதை இன்னொரு போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ரூட் செய்தது ஆண்ட்ராய்டை. அது ஏறாதபோதும் தெரிகிற கோட்டுக்கு ரூட் எப்படிக் காரணமாகும்?

அடுத்தது ஜாப் ஷீட். அது இல்லாமல் போனைக் கவுன்டருக்கு அந்தப்பக்கம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பழுது என்ன, கீறல் எங்கே, உள்ளே தண்ணீர் பட்ட அடையாளம் உண்டா எல்லாம் அதில் இருக்க வேண்டும். மறுக்கிறார்களா, மறுப்புக்கான காரணத்தையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 'ரூட் செய்ததால் டிஸ்பிளே பழுதானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த இன்ஜினியரும் தயங்குவார். பாதி வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

எழுதித் தர மறுத்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாரன்ட்டி அட்டையில் 'மென்பொருளை மாற்றினால் செல்லாது' என்ற வரி இருக்கத்தான் செய்யும். அந்த வரிக்கும் இந்தப் பழுதுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அங்கே நீங்கள் வைக்க வேண்டிய வாதம். பார்த்து முடிவு செய்ய முடியாத குறை என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது.

கேள்வி (கானாடுகாத்தான்): ரூட் செய்ததிலிருந்து வீட்டுக்குள் போன் கொதிக்கிறது. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: வெளியே தெருவில் சூடு குறைகிறதா என்று பாருங்கள். நம் பழைய வீடுகளின் சுவர்க் கனத்தில் சிக்னல் உள்ளே வரத் திணறும். டவரை எட்டிப் பிடிக்கப் போன் கூடுதல் சக்தி செலவழிக்கும், அதில் சூடாகும். வளவில், அதாவது திறந்த முற்றத்துப் பக்கம், நின்றால் ஆறி, உள்ளறைக்குப் போனதும் கொதித்தால் போர்டுக்கு ஒன்றுமில்லை. வைஃபை வழியாக அழைப்பு போகும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (புதுவயல்): ரூட் செய்தால் வாரன்ட்டி போய்விடுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள் தம்பி.

கேள்வி (பள்ளத்தூர்): சாம்சங் போன். பழைய மென்பொருளை ஏற்றிவிட்டால் ரூட் செய்த தடயம் போய்விடுமா?

பதில்: போகாது. நாக்ஸ் என்பது சாம்சங்கின் பாதுகாப்பு ஏற்பாடு. அதன் அடையாளம் போர்டிலேயே இருக்கும் ஒரு ஃபியூஸ். ஒருமுறை 0x1 என்று ஆனால் திரும்ப 0x0 ஆகாது. தனிக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டரும் அத்தோடு போயிற்று. ஆனால் நாக்ஸ் சொல்வது போனில் அனுமதியில்லாத மென்பொருள் ஏறியது என்பதை மட்டும்தான். சார்ஜிங் போர்ட் ஏன் கெட்டது என்பதை அது சொல்லாது.

கேள்வி (செக்காலை): எதற்கு இவ்வளவு வம்பு? ஸ்டாக் ரோம் (நிறுவனம் தந்த அசல் மென்பொருள்) ஏற்றி, பூட்லோடரைப் பூட்டி, ஒன்றும் தெரியாத மாதிரி கொடுத்துவிட்டால் போதாதா? கேட்டால் இல்லை என்று சொல்லலாம்.

பதில்: ஸ்டாக் ரோம் ஏற்றிக் கொடுப்பது நல்லதுதான், நானே அப்படித்தான் செய்யச் சொல்வேன். உள்ளே இருப்பதை அழித்து ஏற்றினால் உங்கள் படங்களும் கணக்குகளும் அடுத்தவர் கையில் போகாது. ஆனால் மாற்றிய மென்பொருள் உள்ளே இருக்கும்போது பூட்லோடரைப் பூட்டாதீர்கள். போன் எழுந்திருக்காது. சீனச் சந்தை மாடலில் மற்ற நாடுகளுக்கான குளோபல் ரோம் போட்டுப் பூட்டி, உயிரில்லாத செங்கல்லாகி என் மேசைக்கு வருகிற போன்கள் நிறைய. பொய் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி (செக்காலை, மீண்டும்): சர்வீஸ் சென்டர்காரர்கள் மட்டும் உண்மையா பேசுகிறார்கள்? பச்சைக் கோட்டுக்கு ரூட்தான் காரணம் என்பது பொய் இல்லையா?

கேள்வி (கொத்தமங்கலம்): செக்காலை அண்ணன் சொல்வது சரி. நானும் மறைத்துத்தான் ஸ்பீக்கர் மாற்றி வாங்கினேன். ஒலியைக் கூட்டும் மாட் (மாற்று நிரல்) போட்டதில் கரகரத்துவிட்டது.

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அவர்கள் சொல்வது பொய்தான். அதனால்தான் எழுதி வாங்கச் சொல்கிறேன், எழுத்தில் வந்தால் பொய் நிற்காது. நீங்களும் 'ரூட் இல்லை' என்று ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஆணையத்தில் அந்தத் தாளை நீட்டி உங்களைப் பொய்யர் ஆக்கிவிடுவார்கள். பச்சைக் கோட்டைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள். நம் ஊர் வட்டிக்கடைப் பேரேட்டில் ஒரு வரி பொய் என்று தெரிந்தால் மொத்தக் கணக்கையும் எவரும் நம்பமாட்டார்கள், அதுபோலத்தான்.

கொத்தமங்கலம் தம்பி, உங்கள் கதை வேறு. ஆம்ப்ளிஃபயரின் அளவை மாட் உயர்த்தினால் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் சூடாகிக் கருகும். அந்தப் பழுதுக்கு நிஜமாகவே நீங்கள்தான் காரணம். காசு கொடுத்து மாற்றியிருக்க வேண்டும். கெர்னலில் (ஆண்ட்ராய்டின் அடித்தள நிரலில்) சார்ஜிங் வரம்பை மாற்றி பேட்டரியைக் கெடுப்பதும் இந்த வகைதான். நாம் கெடுத்ததற்கு நாம் கொடுத்தால்தான், நாம் கெடுக்காததற்கு நிமிர்ந்து நின்று கேட்க முடியும். இப்படி மறைத்து வாங்குகிறவர்களைக் காட்டித்தான் ரூட் செய்த எல்லோரையும் கவுன்டரில் விரட்டுகிறார்கள்.

கேள்வி (செக்காலை, மீண்டும்): கேட்காவிட்டால்?

பதில்: கேட்காததை வலியப்போய்ச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி (காரைக்குடி, ஓர் ஆச்சி): பேரன் எதையோ மாற்றிக் கொடுத்த போன் தம்பி. பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. சார்ஜ் போடலாமா?

பதில்: போடாதீர்கள் ஆச்சி. உள்ளே பேட்டரி வாயு கட்டி உப்பியிருக்கிறது. அணைத்துவிட்டு, மூடியை அமுக்காமல், அடுப்பும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். பேரனை இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஜாப் ஷீட் வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): ரூட் செய்த போனில் வங்கிச் செயலி திறக்கவில்லை. வழி?

பதில்: அது பழுது இல்லை. எனக்குத் துறையும் இல்லை. வங்கியைக் கேளுங்கள்.

கேள்வி (புதுவயல்): ரோம் மாற்றியதும் ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்) காணாமல் போய்விட்டது. ஒருவர் புது எண் எழுதித் தருகிறேன் என்கிறார்.

பதில்: வேண்டவே வேண்டாம். ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி சிறை வரை போகும் குற்றம். அந்த எண் தங்கும் இஎஃப்எஸ் பகுதியை முன்பே பேக்கப் எடுத்திருந்தால் அதைத் திரும்ப ஏற்றுங்கள். இல்லையென்றால் பில்லோடும் பெட்டியோடும் அங்கீகரிக்கப்பட்ட சென்டருக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். இதற்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்.

கேள்வி (பள்ளத்தூர்): ஆணையம் என்றால் வக்கீல், சிவகங்கைக்கு அலைச்சல்… கட்டுப்படியாகுமா?

பதில்: வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் செய்துவிட வேண்டும். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், காணொளியில் விசாரணை வேண்டும் என்றும் கேட்கலாம். பில், ஜாப் ஷீட், மின்னஞ்சல், வீடியோ நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.