நெருப்பில் எரிந்தது எது? சார்லி பார்னெட்டின் பழைய இசைத்தட்டை வாங்குவதற்கு முன்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பள்ளி ஜாஸ் குழுவில் டெனர் சாக்ஸபோன் வாசிக்கும் எங்கள் மகளிடம், அந்நாளைய அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் சார்லி பார்னெட்டின் ‘செரோகி’ பாடலைக் கேட்டுப் பழகும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பழைய இசைத்தட்டுகளை விற்கும் ஒருவர், அதன் 1939ஆம் ஆண்டு முதல் அச்சு தன்னிடம் இருப்பதாகவும், பாலோமார் நடன அரங்கின் தீ விபத்தில் மூலப் பதிவுகள் அழிந்துவிட்டதால் அது கிடைத்தற்கரியது என்றும் கூறி 180 டாலர் கேட்கிறார். அசல்தான் என்று சான்றிதழும் தருவாராம். ‘ஆரம்பகாலப் பதிவுகள், ஸ்டீரியோ’ என்று அட்டையில் அச்சிட்ட ஓர் எல்.பி. தட்டையும் (பல பாடல்கள் கொண்ட பிற்காலத்து நீண்ட நேரத் தட்டு) 40 டாலருக்குத் தருகிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். தட்டு போலி என்று நான் கூறவில்லை. அது உண்மையான தட்டாகவே இருக்கக்கூடும். அதைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் கதைதான் பொய்.

தீ விபத்து நடந்தது உண்மை. 1939 அக்டோபர் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பாலோமார் நடன அரங்கு எரிந்தபோது, அங்கே வாசித்துக்கொண்டிருந்த பார்னெட் குழுவின் வாத்தியங்களும், குழுவுக்காக எழுதப்பட்ட இசைக்குறிப்புத் தாள்களும் சாம்பலாயின. எரிந்தவை தாள்களும் வாத்தியங்களும் மட்டுமே, ஒலிப்பதிவுகள் அல்ல. ‘செரோகி’ அதற்கு முன்பே, 1939 ஜூலை 17 அன்று, ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தின் புளூபேர்ட் என்ற முத்திரைக்காக (விற்பனைப் பெயருக்காக) பதிவாகிவிட்டது. அக்காலத்தில் இசையை மெழுகுத் தட்டில் வெட்டி, அதன்மேல் உலோகம் படியச் செய்து எதிரச்சு எடுப்பார்கள். அந்த உலோக அச்சிலிருந்து மேலும் அச்சுகளை உருவாக்கி, அவற்றைக் கொண்டுதான் விற்பனைத் தட்டுகளை அழுத்தினார்கள். அந்த உலோக அச்சுகள் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவை. பேண்ட் தலைவர் ஒருவர் அவற்றைப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகத் தூக்கிச் செல்லவில்லை. ஆகவே ‘நெருப்புக்குத் தப்பிய தட்டு’ என்று எவராவது சொன்னால், அவருக்கு இந்தத் தொழில் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார் என்றே கொள்ளுங்கள்.

கிடைத்தற்கரியது என்ற வாதமும் நிற்காது. ரே நோபிள் இயற்றிய அந்தப் பாடலுக்கு பில்லி மே குழுவுக்கேற்ப எழுதிய வாத்திய அமைப்பில் பார்னெட்டின் டெனர் சாக்ஸபோன் மெட்டை எடுத்துச் செல்லும் இந்தப் பதிவுதான் அவரை நாடறியச் செய்தது. விக்டரின் முதன்மைத் தட்டுகள் 75 சென்ட்டுக்கு விற்ற காலத்தில் புளூபேர்ட் தட்டு 35 சென்ட்தான்; அதனால் ஏராளமான வீடுகளுக்குள் அது நுழைந்தது. பெருமளவில் விற்ற தட்டு இன்றும் பெருமளவில் கிடைக்கிறது. நல்ல நிலையில் உள்ள பிரதிக்கு 10 டாலருக்கு மேல் கொடுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

உண்மையில் அரிதானவை அவருடைய முதல் தட்டுகள்தாம். பார்னெட் 1913இல் நியூயார்க்கின் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். 20 வயதை ஒட்டி, 1933 அக்டோபரில், ஏ.ஆர்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அமெரிக்கன் ரெக்கார்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்துக்காகத் தம் பேண்டின் முதல் பதிவுகளைச் செய்தார். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். 1927இல் ஆண்டுக்குப் 10 கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள் 1932இல் 60 லட்சம் அளவுக்குச் சரிந்திருந்தன. ஏ.ஆர்.சி. ஒரே பதிவைப் பேனர், மெலோடோன், பர்ஃபெக்ட், ஓரியோல், ரோமியோ எனப் பல முத்திரைகளில் மலிவு விலைக் கடைகளுக்கு அனுப்பிவந்தது. இதை அறியாதவர்கள் ஒரே பாட்டை மூன்று பெயர்களில் மும்முறை வாங்கி ஏமாறுகிறார்கள். பிறகு 1942இல் போர்க்காலக் கட்டுப்பாடு வந்தது. தட்டுகளுக்கு மூலப்பொருளான அரக்கு பெரும்பாலும் நம் இந்தியாவிலிருந்துதான் சென்றுகொண்டிருந்தது; கப்பல் வழி தடைபட்டதும் அரக்குப் பயன்பாடு கடுமையாகக் குறைக்கப்பட்டு, பழைய தட்டுகளைத் திரும்பப் பெற்று அரைத்துப் புதிய தட்டுகள் செய்தார்கள். விற்காத தட்டுகள் பல அப்படித்தான் மறைந்தன. ஆனால் அரிது என்பதும் விலை உயர்ந்தது என்பதும் ஒன்றல்ல. 1933இன் பார்னெட் பெரும்பாலும் பாடகரை முன்னிறுத்திய, நடனத்துக்கேற்ற மென்மையான இசையையே தந்தார். உங்கள் மகள் தேடும் துள்ளல் அதில் குறைவு.

பார்னெட்டின் இளமைக்கால வாசிப்பை அவள் கேட்க விரும்பினால், 1934இல் சைலபோன் கலைஞர் ரெட் நார்வோ தலைமையில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவானவற்றைத் தேடுங்கள். கிளாரினெட்டில் ஆர்ட்டி ஷா, பியானோவில் டெடி வில்சன், டெனரில் பார்னெட். அவரது பெயர் முகப்பில் இல்லாததால் விற்பவர்கள் கண்ணில் படாமல் கிடக்கும் அருமையான பதிவுகள் இவை.

இனி, உங்களுக்குக் காட்டப்படும் ‘செரோகி’ தட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். லேபிளில் புளூபேர்ட் என்ற பெயரும் பி-10373 என்ற எண்ணும் இருக்க வேண்டும். மறுபக்கத்தில் ‘தி ஆல்-நைட் ரெக்கார்ட் மேன்’ இருக்கும். அடுத்து, லேபிளுக்கும் கடைசி வரிப்பள்ளத்துக்கும் இடையிலுள்ள வழுவழுப்பான வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். லேபிளின் எழுத்து நேராக இருக்கும்படி பிடித்தால், கடிகாரத்தில் 9 இருக்கும் திசையில் ஒரு சிறு எண் பதிந்திருப்பதைக் காணலாம். அந்தப் பாட்டை எத்தனையாவது முறை வாசித்தபோது எடுத்த பதிவு என்பதை அது குறிக்கும். சாந்தா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுகளின் இணையப் பட்டியலில் தட்டின் எண்ணைத் தேடி, பதிவு நாளையும் இந்த விவரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. இந்த இலவசப் பட்டியல் இருக்கும்போது, விற்பவர் தாமே தட்டச்சு செய்து கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? இசைத்தட்டுக்கு அசல் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் பெற்ற அமைப்பு எதுவும் இல்லை. சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டாலே கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். ‘முதல் அச்சு’ என்பதும் அப்படித்தான். ஒரே உலோக அச்சிலிருந்து மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்ட தட்டுகளில் எது முதல் நாளுக்குரியது, எது ஆறு மாதம் கழித்து வந்தது என்பதை லேபிளை மட்டும் பார்த்து எவரும் சொல்லிவிட முடியாது.

பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். எஃகு ஊசி தேய்த்துச் சாம்பல் பூத்த தட்டின் மேல் கறுப்பு பாலிஷ் தடவி விற்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடமே ஒருமுறை அப்படி ஒன்றை விற்றுவிட்டார்கள்; வீட்டுக்கு வந்து வெள்ளைப் பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தபோது துணியில் மை அப்பிக்கொண்டது, ஊசியை வைத்தபோது இசையை மூடிக்கொண்டு இரைச்சல்தான் வந்தது. ஆகவே ஒரு வெள்ளைத் துணியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தட்டின் உள்வட்டப் பகுதியை உங்கள் முன்னிலையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தேய்மானம் அங்கேதான் முதலில் வெளிப்படும். சுத்தம் செய்யும்போது ஸ்பிரிட்டோ வேறு ஆல்கஹாலோ ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

எல்.பி.யைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். 1939இல் கடைகளில் ஸ்டீரியோ இசைத்தட்டு கிடையாது. அது 1950களின் இறுதியில்தான் விற்பனைக்கு வந்தது. பார்னெட்டும் அந்த நாட்களில் ஒரு குழுவைத் திரட்டித் தம் பழைய வெற்றிப் பாடல்களை ஸ்டீரியோவில் புதிதாக வாசித்துப் பதிவு செய்தார். எனவே ‘ஸ்டீரியோ’ என்று போட்டிருந்தால் அது பழைய பதிவல்ல என்பது பொது விதி. ஆனால் இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. 1960களில் ஆர்.சி.ஏ. உள்ளிட்ட நிறுவனங்கள் பழைய மோனோ (ஒரே ஒலித்தடம் கொண்ட) பதிவுகளையே மின்னணு முறையில் பிரித்து, ஸ்டீரியோவைப் போலக் காட்டி வெளியிட்டன. அப்படிப்பட்ட தட்டில் இருப்பது உண்மையான 1939 வாசிப்புதான். கெடுக்கப்பட்ட உருவில் இருக்கிறது, அவ்வளவே. அட்டையின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் ‘எலக்ட்ரானிகலி’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹெட்ஃபோனில் கேளுங்கள். சாக்ஸபோன்கள் ஒரு காதிலும் பித்தளை வாத்தியங்கள் மறு காதிலுமாகத் தெளிவாகப் பிரிந்து, தாளத்தட்டுகள் கூர்மையாக ஒலித்தால் அது பிற்காலத்தில் புதிதாக வாசித்தது. அதற்கு மாறாக, முழுக் குழுவுமே ஒரு காதில் கனமாகவும் மறு காதில் கீச்சென்றும், குகைக்குள் வாசிப்பது போன்ற எதிரொலியோடும் கேட்டால், அது பிரித்துக் காட்டப்பட்ட பழைய பதிவு. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். எதிரொலி முழுதாகப் போகாவிட்டாலும் இசை ஓரளவுக்குத் தன் நிலைக்குத் திரும்பும். இரண்டில் எதுவாக இருந்தாலும் 40 டாலர் தகாது.

ஆர்.சி.ஏ.வின் எந்தத் தொகுப்பிலும் 1933 ஏ.ஆர்.சி. பதிவுகளைத் தேட வேண்டாம். அவை வேறு நிறுவனத்தின் சொத்தாக இருந்தவை. இன்று இரண்டு களஞ்சியங்களும் சோனியின் கைக்கே வந்து சேர்ந்துவிட்டன, ஆயினும் கேட்பவர்தான் இரண்டுக்குமாக அலைய வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் சட்டமோ நிலைமையை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. 2018இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 1939இல் வெளிவந்த ஒலிப்பதிவின் உரிமை 2039 முடியும் வரை நீடிக்கும். இந்தியச் சட்டக் கணக்கின்படி அதே பதிவு எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டது. வாசித்தவர் 1991இல் காலமானார். பதிவை வைத்திருக்கும் நிறுவனமும் எல்லாவற்றையும் அக்கறையோடு வெளியிடுவதில்லை. பிறகு யாருக்காக நூறு ஆண்டுப் பூட்டு? இந்தப் பூட்டு இருப்பதால்தான் உங்கள் ஊர்க்காரர் போன்ற இடைத்தரகர்கள் கதை கட்டி விலை வைக்க முடிகிறது.

உங்கள் மகளின் பயிற்சிக்குப் பழைய தட்டு கட்டாயமில்லை. நன்றாகப் பிரதியெடுக்கப்பட்ட சி.டி. போதும். வேகத்தை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். மலிவான தொகுப்புகள் பலவற்றில் தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டுப் பிரதியெடுத்திருக்கிறார்கள். வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் மாறினாலே சுருதி அரைக்கட்டை நகர்ந்துவிடும். அவள் தன் டெனரைச் சரியாகச் சேர்த்து வைத்திருந்தும் பதிவோடு ஒட்டவில்லை என்றால், பிழையை அவளுடைய வாத்தியத்தில் தேடாமல் பதிவில் தேடுங்கள்.

ஆசைக்கு ஒரு தட்டு வேண்டுமென்றால், வெள்ளைத் துணிச் சோதனையில் தேறிய பிரதியை 10 டாலருக்குள் வாங்கி, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் சுழலும் பிளேயரில், இத்தகைய தட்டுகளுக்கென்றே செய்யப்படும் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு) அகல ஊசியைப் பொருத்திப் போடுங்கள். எல்.பி.க்கான மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். தட்டைத் தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள், உடைந்துவிடும். நேரில் சென்று வாங்கி, காரில் செங்குத்தாக நிறுத்தி எடுத்து வாருங்கள்.