'டிவி உதிரி' என்று எழுதச் சொல்கிறார்கள்

சாட்ஸ்வர்த் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "அம்மா, டர்பனில் பழைய மின்னணு உதிரிகள் விற்கிறேன். மூடிய பட்டறை ஒன்றின் சரக்கை ஏலத்தில் எடுத்தேன். அதில் ராணுவத் தரச் சில்லுகளும் நான்கு சர்க்யூட் போர்டுகளும் இருந்தன. போர்டுகள் அமெரிக்கக் கடற்படையின் இ-2சி ஹாக்ஐ விமான ரேடாருக்கு உரியவை என்று சொல்லி, வெளிநாட்டுத் தரகர் 30,000 ராண்ட் முன்பணம் அனுப்பியிருக்கிறார். இன்வாய்ஸில் 'டிவி உதிரி' என்று எழுதச் சொல்கிறார். அனுப்பலாமா? மறுத்தால் வழக்குப் போடுவாரா?"

தம்பி, அனுப்பாதீர்கள். பெட்டி கடையைவிட்டு நகரவே கூடாது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சில்லின் பொன்நிற மூடிக்குக் கீழே 8714 என்று இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஹாக்ஐயின் முதுகில் சுழலும் 7.3 மீட்டர் தட்டுக்குள் ஆன்டெனா வைத்திருக்கும் ரேடார், தொலைவில் வரும் விமானத்தைக் கப்பல்களுக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இ-2சி பணிக்கு வந்தது 1973-இல். விமானம் பறந்துகொண்டிருக்க, அதன் சில்லுகளைச் செய்த ஆலைகள் பல எப்போதோ உற்பத்தியை நிறுத்திவிட்டன. அதனால்தான் உங்கள் தூசி படிந்த பெட்டிக்கு இந்த விலை.

ஜப்பான், தைவான், எகிப்து போன்ற நாடுகள் இந்த விமானத்தை அமெரிக்க அரசின் ஒப்புதலோடு வாங்கியவை. அவர்களுக்கு உதிரி வேண்டுமென்றால் நேர்வழி இருக்கிறது. டிவி உதிரி என்று மறைக்கச் சொல்பவருக்கு அந்த வழி இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

நம் தென்னாப்பிரிக்காவில் 2002-ஆம் ஆண்டின் 41-ஆம் சட்டம் போர்த் தளவாடங்களோடு அவற்றின் பாகங்களையும் கட்டுப்படுத்துகிறது. தேசிய மரபுசார் ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் பதிவு செய்து, ஏற்றுமதிக்கு அனுமதி பெற வேண்டும். யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்ற சான்றும் வேண்டும். பல கருவிகளில் பொருந்தும் பொதுவான சில்லு இதற்குள் வராமல் போகலாம். அந்த ரேடாருக்கென்றே வடிவமைத்த போர்டு தப்பாது. எது எந்த வகை என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. பாதுகாப்புத் துறையின் ஆயுதக் கட்டுப்பாட்டு இயக்ககத்தைக் கேட்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டமும் பொருளோடு கூடவே வரும். அந்நாட்டு ராணுவப் பட்டியலில் உள்ள பாகம் எத்தனை கை மாறினாலும், மறு ஏற்றுமதிக்கு அவர்கள் அனுமதி வேண்டும். தெரிந்தே மீறினால் 20 ஆண்டு வரை சிறை, ஒரு குற்றத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை அபராதம். "நான் டர்பனில்தானே இருக்கிறேன்" என்பது அங்கே எடுபடாது. பொய் இன்வாய்ஸோ இங்கேயே தனிக் குற்றம். சுங்கத்துறை சரக்கையும் பறிமுதல் செய்யலாம்.

வழக்குப் பயம் வேண்டாம். சட்டவிரோதமான ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. முன்பணம் வேறு கதை. இரு தரப்பிலும் குற்றம் இருந்தால் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது என்பது பழைய விதி. 1939-இல் ஜாஜ்பாய் எதிர் காசிம் வழக்கில், நியாயம் கோரினால் அந்த விதியைத் தளர்த்தலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்தப் பணத்தை உங்களுடையது என்று எண்ணிச் செலவழிக்காதீர்கள்.

ஆனால் இன்றைக்கே திருப்பி அனுப்பவும் வேண்டாம். சந்தேகத்துக்குரிய பரிமாற்றத்தை நிதிப் புலனாய்வு மையத்துக்குத் தெரிவிப்பது, தொழில் நடத்தும் எவருக்கும் கடமை. வார இறுதியும் பொது விடுமுறையும் நீங்கலாக 15 நாள்தான் கெடு. தெரிவித்ததைத் தரகரிடம் வாய்தவறியும் சொல்லக் கூடாது, அதுவும் குற்றம். அதன் பிறகு, வந்த கணக்குக்கே வங்கி மூலம் திருப்புங்கள். வேறு நாட்டுக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

விலை பேசியதே அனுமதியில்லா வணிகம் என்று சொல்லப்படக்கூடும். அதனால் இயக்ககத்துக்கு நீங்களாக எழுதாமல், இந்த வாரமே ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். ஏல ரசீது, தரகர் அனுப்பிய செய்திகள், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் கொண்டு போங்கள். ஒரு செய்தியைக்கூட அழிக்காதீர்கள். 'டிவி உதிரி' என்று எழுதச் சொன்னது அவர்தான் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.